சமையலறைத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும்: பொருள்களை அளக்கத் தொடங்குவோருக்கு

"நிறை உடையது, இடத்தை அடைத்துக்கொள்வது பருப்பொருள்." பள்ளியில் இதை ஒப்பிக்காதவர்கள் குறைவு. இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதினோம், வாங்கினோம், மறந்தோம். கையில் ஒரு கல்லை எடுத்து, இதன் நிறை இவ்வளவு, இது அடைக்கும் இடம் இவ்வளவு என்று அளந்து பார்த்தவர்களைத் தேடினால்தான் கஷ்டம். நானும் ரொம்ப நாள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். மாவு அளக்க என்று வீட்டில் ஒரு மின்னணுத் தராசு வாங்கினோம். அதில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்து வைத்துப் பார்த்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்கள் தனியாகச் செய்யலாம். பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

என்னென்ன வேண்டும்

1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று. 5 கிலோ வரை தாங்குவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அகலமான கண்ணாடி டம்ளர் அல்லது பிளாஸ்டிக் டப்பா, தையல் நூல், பிள்ளைகளின் ஸ்கேல், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் வெப்பமானி, இறுக்கமாக மூடும் கண்ணாடி பாட்டில். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு இல்லாமல் செய்தால் மறுநாள் எந்த எண் எதற்கு என்று தெரியாது, இது அனுபவம்.

நகை, நாணயம் போன்ற சிறு பொருள்களை அளக்க ஆசை இருந்தால் 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு தேவைப்படும். முதல் நாளே வாங்க வேண்டாம்.

முதலில் தராசைச் சோதியுங்கள்

தராசைச் சமமான, ஆடாத இடத்தில் வையுங்கள். கட்டிலின் மேலோ பாயின் மேலோ வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்று தட்டை அழுத்தி ஓரிரு கிராம் ஏற்றி இறக்கும். போட்டவுடன் அளக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள்.

அடுத்து, தெரிந்த ஒரு நிறையை வைத்துப் பார்க்க வேண்டும். எடைக்கல் இல்லாத வீட்டில் நாணயம் கைகொடுக்கும். 2011-இல் வந்த வரிசையின் மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் 6 கிராம். பத்து நாணயம் வைத்தால் 60 காட்ட வேண்டும். அதற்கு முன்பு புழங்கிய தடிமனான வெள்ளை 5 ரூபாய் 9 கிராம். இரண்டையும் கலந்து வைத்துவிட்டுத் தராசைத் திட்டாதீர்கள். தேய்ந்த, அழுக்கேறிய நாணயம் கொஞ்சம் முன்பின் இருக்கும். 60-க்குப் பதில் 59 அல்லது 61 வந்தால் கவலையில்லை. 55 வந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அப்போதும் வந்தால் தராசையே மாற்றுங்கள்.

அதே பத்து நாணயங்களைத் தட்டின் நடுவில் ஒருமுறை, நான்கு ஓரங்களில் ஒவ்வொரு முறை என்று வைத்துப் பாருங்கள். ஓரத்தில் வேறு எண் வந்தால், இனி எதையும் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. வெறும் தட்டில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் தராசு அசையாமல் 0-விலேயே நிற்கும். கெட்டுப்போகவில்லை. பூச்சியத்துக்கு அருகில் நிகழும் மெல்லிய மாற்றங்களை, தானே நழுவியதாக எண்ணித் திரும்பவும் பூச்சியமாக்கிக்கொள்ளும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். தட்டில் முதலில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு உப்பைப் போட்டுக் கழித்துப் பாருங்கள். பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்த வேண்டாம்.

நிறையா, எடையா, திணிவா

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு நிறை. அதைப் பூமி இழுக்கும் விசை எடை. இலங்கைப் பாடநூலில் முதலாவதற்குப் பெயர் திணிவு, இரண்டாவதற்குத்தான் நிறை. யாழ்ப்பாணத்து மாணவரும் மதுரை மாணவரும் "நிறை" என்று சொல்லிக்கொண்டு இரண்டு வெவ்வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்க முடியும். இணையத்தில் தமிழில் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் நிறை என்றால் கிராமில் சொல்வது.

உங்கள் தராசு உண்மையில் உணர்வது விசையைத்தான். தட்டின் கீழே ஓர் உலோகத் துண்டு மிக நுண்ணியதாக வளைகிறது. அந்த வளைவு மின்தடையை மாற்றுகிறது. அந்த மாற்றத்தைக் கிராமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. பூமியின் இழுப்பு நிலநடுக்கோட்டைவிடத் துருவத்தில் சுமார் 0.5 விழுக்காடு அதிகம். அதே தராசைத் திருத்தாமல் துருவத்துக்குக் கொண்டுபோனால் 1 கிலோ அரிசி 1,005 கிராம் காட்டும். பழைய இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு.

ஒரு கிலோ என்பது எவ்வளவு என்பதை 1889 முதல் 130 ஆண்டுகள் பாரிஸை அடுத்த செவ்ரில் பூட்டிவைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றுதான் தீர்மானித்தது. இந்தியாவுக்கு வந்த பிரதியின் எண் 57. அது புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் உருளைக்கு அந்த வேலை இல்லை. இயற்கையின் மாறிலிகளில் ஒன்றான பிளாங்க் மாறிலிக்கு ஒரு நிலையான மதிப்பைக் கொடுத்து, அதிலிருந்து கிலோவை வரையறுக்கிறார்கள். மளிகைக்கடைக்காரருக்கு ஒன்றும் மாறவில்லை.

பருமன்: படியில் தொடங்கலாம்

பருமன், கன அளவு, கொள்ளளவு என்று எப்படிச் சொன்னாலும், பொருள் அடைக்கும் இடம்தான் அது. நம் ஊரில் தானியத்தை நெடுங்காலம் பருமனால்தான் அளந்தார்கள்: ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். அதில் ஒரு தகராறு எப்போதும் இருந்தது: தலைதட்டி அளப்பதா, கும்பாரமாக அளப்பதா? கும்பாரமாக என்றாலும் அளப்பவரின் கை எப்படி என்பதில் கொஞ்சம் மாறும்.

இதை இன்றைக்கே செய்து பார்க்கலாம். ஒரு டம்ளரில் அரிசியை மெதுவாகக் கொட்டித் தலைதட்டி நிறுத்துப் பாருங்கள். பிறகு டம்ளரைத் தரையில் இருபது முறை தட்டுங்கள், அரிசி அமுங்கும். மேலே இடைவெளி விழும். மறுபடி நிரப்பித் தலைதட்டி நிறுங்கள். அதே டம்ளர், அதே அரிசி, கூடுதல் கிராம். அரிசி மாறவில்லை, மணிகளுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறியிருக்கிறது. பொடி, மணல், தானியம் எதுவானாலும் டம்ளரால் அளந்தால் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். கேக் செய்பவர்கள் மைதாவைக் கப்பால் அளக்காமல் கிராமில் அளக்கச் சொல்வது இதனால்தான்.

திரவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை; வேறொன்று உண்டு. ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரின் மேற்பரப்பு தட்டையாக நிற்காது. ஓரங்களில் ஏறி, நடுவில் குழிந்து, பிறை போல இருக்கும். அந்தக் குழிவின் அடிமட்டத்தை, கண்ணை அதே உயரத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் ஒரு எண், குனிந்து பார்த்தால் இன்னொரு எண். பாதரசம் எதிர்மாறு, அது நடுவில் உப்பி நிற்கும், உச்சியைப் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அளவுக் கப்பில் போட்டிருக்கும் கோட்டை நம்பாதீர்கள். கப்பைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, 200 மி.லி. கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். நம் ஊர் அறை வெப்பநிலையான 30 டிகிரியில் 1 மி.லி. தண்ணீர் 0.996 கிராம், ஆகவே 199 காட்ட வேண்டும். 185-ம் 215-ம் காட்டும் கப்புகள் உண்டு. கப்பைத் தூக்கிப் போட வேண்டாம். சரியான இடத்தில் மார்க்கர் பேனாவால் புதுக் கோடு போட்டால் போதும்.

கனசெவ்வக வடிவப் பொருளுக்கு நீளம், அகலம், உயரம் பெருக்கினால் முடிந்தது. கல்லுக்கும் விளக்குக்கும் சாவிக்கும் என்ன செய்வது? இங்கேதான் சுவாரசியமான பகுதி வருகிறது.

அடர்த்தி: நூலில் கட்டித் தொங்கவிடும் முறை

ஒரு கிராம் இரும்பும் இரும்புதான், ஒரு டன் இரும்பும் இரும்புதான். நிறையும் பருமனும் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நிறையைப் பருமனால் வகுத்தால் வரும் அடர்த்தி, அதாவது ஒரு மி.லி.க்கு எத்தனை கிராம் என்பது, இது என்ன பொருள் என்று துப்புக் கொடுக்கும். துண்டு சிறிதானாலும் பெரிதானாலும் அந்த எண் மாறாது.

பாத்திரம் வழிய வழியத் தண்ணீர் நிரப்பி, பொருளைப் போட்டு, வழிந்த நீரைப் பிடித்து அளக்கும் முறையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது நடைமுறையில் வெறுப்பேற்றும் வேலை. கடைசிச் சொட்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைவிட எளிய வழி இது.

1. பொருளை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

2. தராசின் மேல் டப்பாவை வைத்து, பொருள் முழுதும் முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பில் இடம் விடுங்கள். வழிந்தால் கணக்கு போச்சு.

3. பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

4. பொருளை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுவதும் முங்க வேண்டும். அடியையோ சுவரையோ தொடக் கூடாது. கையால் பிடித்தால் நடுங்கும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு கரண்டியை வைத்து அதில் நூலைக் கட்டினால் நிம்மதி. புத்தகம் தராசைத் தொடாமல் இருக்கட்டும்.

5. தராசு இப்போது காட்டும் கிராம்தான் பொருளின் பருமன், மி.லி.யில்.

ஐந்தாவது படியை முதல்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. பொருள் நூலில் தொங்குகிறது, தராசு ஏன் ஏற வேண்டும்? தண்ணீர் பொருளை மேலே தள்ளுகிறது. கிணற்றில் குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருப்பது அதனால்தான். தண்ணீர் பொருளை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு பொருள் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல், பொருள் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். 1 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 1 மி.லி. என்பதால் கிராமை அப்படியே மி.லி. என்று படிக்கலாம். பொருள் அடியைத் தொட்டுவிட்டால் அதன் சொந்தப் பாரமும் தராசில் இறங்கி எண் குதிக்கும். எண் நினைத்ததைவிடப் பல மடங்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

என் வீட்டில் ஒரு சிறிய பித்தளை விளக்கின் தண்டு இருக்கிறது. உலர்ந்த நிலையில் 312 கிராம். தொங்கவிட்டால் தராசு 37 காட்டியது. 312-ஐ 37-ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 8.4324324 என்று கொட்டும். அதை அப்படியே எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தராசு 37 என்றது 36-ஆகவும் இருந்திருக்கலாம், 38-ஆகவும் இருந்திருக்கலாம். 36 என்றால் விடை 8.7, 38 என்றால் 8.2. ஆக எனக்குத் தெரிந்தது 8.2-க்கும் 8.7-க்கும் இடையில் எங்கோ என்பதுதான். நோட்டில் "8.4, முன்பின் 0.25" என்று எழுதினேன். பித்தளையின் அடர்த்தி, அதில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும் விகிதத்தைப் பொறுத்து 8.4 முதல் 8.7 வரை. பொருந்துகிறது. ஆனால் இரும்பு 7.9, செம்பு 8.96, இவை இரண்டும் இல்லை என்று சொல்ல முடிந்தது, எந்த விகிதத்துப் பித்தளை என்று சொல்ல முடியவில்லை. என் தராசால் அவ்வளவுதான் முடியும்.

இதிலிருந்து ஒரு வழி பிறக்கிறது: பெரிய பொருளை எடுங்கள். அம்மிக்குழவி போன்ற ஒரு கருங்கல்லை வாளித் தண்ணீரில் தொங்கவிட்டால் பருமன் நூற்றுக்கணக்கில் வரும். 1 கிராம் பிழை அங்கே தூசு. தராசு தாங்கும் எல்லையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கருங்கல்லுக்கு 2.6 முதல் 2.7 வரை கிடைக்கும். சின்னப் பொருள்தான் கையில் என்றால், ஒரே மாதிரியானவை இருபதைக் கோத்து ஒன்றாக அளந்துகொள்ளுங்கள்.

பிழை புகும் வழிகள் சில. குழிகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் பருமன் கூடிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பொருளை மெல்ல ஆட்டினால் குமிழி கழன்றுவிடும். செங்கல், மண்பானை ஓடு போன்றவை தண்ணீரைக் குடிக்கும். எண் கண்ணெதிரிலேயே நகரும். உப்புக்கல்லும் கற்கண்டும் கரையும். அவற்றுக்குத் தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92 என்பதால், தராசு காட்டும் எண்ணை 0.92-ஆல் வகுத்தால் பருமன். கல்லுப்பு 2.16-ஐ ஒட்டி வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

மிதக்கும் பொருளை நீண்ட ஊசியால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அமுக்கிப் பிடித்து எண்ணைப் படியுங்கள். அமுக்கும் விசையும் சேர்ந்து தராசில் இறங்குவதால் கணக்குச் சரியாகவே வரும். முட்டையில் இதைச் செய்து பார்ப்பது அழகு. புது முட்டையின் அடர்த்தி சுமார் 1.08, முங்கும். நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் வழியே வெளியேறி, காற்றறை பெருகும். ஓடு அதே அளவு, நிறை மட்டும் குறைகிறது. ஒரே முட்டையை வாரம் ஒருமுறை அளந்து எழுதினால் அது எப்போது மிதக்கத் தொடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். சமைக்க அல்ல, அளக்க மட்டும்.

திரவத்துக்கு ஒரே பாட்டில் போதும்

வெறும் பாட்டிலை நிறுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூடி, வெளியே துடைத்து நிறுங்கள். கொட்டி, உலர்த்தி, அதே விளிம்பு வரை எண்ணெயோ பாலோ நிரப்பி நிறுங்கள். இரண்டிலிருந்தும் வெறும் பாட்டிலின் நிறையைக் கழித்துவிட்டு, திரவத்தின் நிறையைத் தண்ணீரின் நிறையால் வகுத்தால் தண்ணீரைப்போல எத்தனை மடங்கு என்று தெரியும். பாட்டிலின் கொள்ளளவே தெரிய வேண்டியதில்லை. தேனுக்கு 1.4 அருகில் வரும். அடியில் ஒட்டும் தேனைக் கழுவுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பால் என்றதும் எல்லோரும் கேட்பது தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதுதான். கணக்கைப் பாருங்கள். பால் தண்ணீரைப்போல சுமார் 1.03 மடங்கு. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீருக்கும் பாலுக்கும் வித்தியாசமே 15 கிராம்தான். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் அந்த 15, பதிமூன்றரை ஆகும். ஒன்றரை கிராம் வித்தியாசத்தை 1 கிராம் தராசில் பிடித்து பால்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் பால்மானி இதைவிட நுட்பமானது. ஆனால் அதையும் ஏமாற்றலாம். பாலில் இலேசானது கொழுப்பு. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறும். அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பழைய எண்ணுக்கு இறக்கிவிடலாம். பால்மானி பழைய இடத்திலேயே மிதக்கும். பால் கொள்முதல் நிலையங்களில் கொழுப்பையும் தனியே சோதிப்பது இதற்காகத்தான்.

தங்கத்தை இப்படிச் சோதிக்கலாமா?

நேர்மையான பதில்: ஓரளவுக்கு. 24 காரட் தங்கம் 19.3. 22 காரட், அதாவது 916, சுமார் 17.8. வெள்ளி 10.5, செம்பு 8.96. இடைவெளி பெரிது என்பதால் தங்கமுலாம் பூசிய வெள்ளி வளையல் உடனே அகப்படும். ஆனால் இரண்டு பவுன் வளையல் 16 கிராம். அதன் பருமன் 0.9 மி.லி. மட்டுமே. சமையலறைத் தராசு அதற்கு 1 என்று காட்டும், அல்லது 0 என்று காட்டும். 0.01 கிராம் தராசு இருந்தால்தான் இந்த வேலை. அது 0.90 காட்டுவதற்கும் 1.52 காட்டுவதற்கும் உள்ள தூரம்தான் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள தூரம்.

கல் வைத்த நகை, அரக்கு நிரப்பிய நகை, உள்ளே கூடான வளையல், கண்ணி நெருக்கமான சங்கிலி: எல்லாமே குறைவான அடர்த்தியைக் காட்டும். அதைப் பார்த்து மாமியார் கொடுத்த நகையைப் போலி என்று அறிவித்துவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.25. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்துவிட்டால் தண்ணீரில் தொங்கவிட்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அடர்த்தி பொருந்தவில்லை என்றால் அது அந்தப் பொருள் இல்லை என்று சொல்லலாம். பொருந்துகிறது என்பதற்காக அதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது.

வெப்பநிலை, உருகுநிலை, கொதிநிலை

வெப்பமானியையும் முதலில் சோதியுங்கள். ஐஸ் கட்டியை நொறுக்கி, ஐஸ் முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கி, சில நிமிடம் கழித்து முனையை நடுவில் வையுங்கள்: 0 டிகிரி. கொதிக்கும் தண்ணீரில், முனை பாத்திரத்தின் அடியைத் தொடாமல்: சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 100. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்கே திறந்த பானையில் பருப்பு வேகாமல் இழுப்பது அடுப்பின் குற்றமில்லை.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் வைக்காதீர்கள். அது 42 டிகிரியோடு முடிந்துவிடும். பாதரச வகை என்றால் உடையும். பாதரசம் அடுப்படியில் சிந்துவது நல்லதல்ல. நெற்றிக்கு நேரே காட்டும் அகச்சிவப்பு வகை, பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் தவறான எண்ணைக் காட்டும். பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிட்டு, சுற்றுப்புறத்தின் வெப்பத்தைப் பிரதிபலிப்பதுதான் காரணம்.

செய்யத் தகுந்த சோதனை ஒன்று: கிண்ணம் நிறைய நொறுக்கிய ஐஸ், வெப்பமானி, கடிகாரம். நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கிவிட்டு வெப்பநிலையை எழுதுங்கள். அறையில் எவ்வளவு புழுக்கம் இருந்தாலும் ஐஸ் தீரும்வரை எண் 0-வை ஒட்டியே நிற்கும். வரும் வெப்பம் எல்லாம் ஐஸை உருக்குவதற்கே செலவாகிறது. 1 கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரி 1 கிராம் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடும். கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் எண் ஏறத் தொடங்கும். வரைபடத் தாளில் போட்டுப் பார்த்தால் படிக்கட்டுப்போல ஒரு சமதளம் தெரியும்.

அதையே உறைந்த தேங்காய் எண்ணெயில் செய்யுங்கள். சமதளம் அவ்வளவு சுத்தமாக வராது. 24 டிகிரியை ஒட்டி இளகும். ஆனால் ஒரே புள்ளியில் பட்டென்று உருகாது. தேங்காய் எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை, ஒவ்வொன்றும் வேறு வெப்பநிலையில் உருகும். மார்கழிக் காலையில் பாட்டிலின் பாதி உறைந்து பாதி நீராக நிற்பது அதனால்தான். வேதியியல் ஆய்வகங்களில் ஒரு பொருள் சுத்தமானதா என்று பார்க்க உருகுநிலையை அளப்பதும் இந்தக் காரணத்தால்தான்: சுத்தமானது சட்டென்று உருகும், கலப்படமானது இழுத்து இழுத்து உருகும்.

மீதியைச் சுருக்கமாக

காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். எவர்சில்வரில் காந்தம் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. ஒட்டுவதால் மட்டமானது என்று பொருளில்லை, கலவை வேறு. மின்கடத்துதிறனுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். வீட்டு மின்இணைப்பில் அதைச் செருகாதீர்கள், பேட்டரி, கம்பி, பென்சில் கரி, உப்புநீர் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாகுத்தன்மையை, அதாவது திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை ஒப்பிட, சிரிஞ்சில் 10 மி.லி. நல்லெண்ணெய் நிரப்பித் தானாக வடியவிட்டு நொடி எண்ணுங்கள். பிறகு அதே எண்ணெயைச் சற்றுச் சூடாக்கி எண்ணுங்கள். அடர்த்தி அதிகமானதுதான் கெட்டியாக ஓடும் என்ற எண்ணம் அங்கே உடையும்: எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசு, ஆனால் தண்ணீரைவிட மெதுவாக வடிகிறது.

இப்போது எல்லா ஊரிலும் கருங்காலி மாலை விற்கிறார்கள். "தண்ணீரில் போடுங்கள், முங்கினால் அசல்" என்று ஒரு சோதனையும் சொல்லித் தருகிறார்கள். இதுவரை படித்தவர்கள் அதை அளந்தே பார்க்கலாம். பெரும்பாலான மரங்கள் தண்ணீரைவிட இலேசு, தேக்கு 0.6, 0.7 என்று நிற்கும். கருங்காலி மரங்களின் அடர்த்தி 1-ஐ ஒட்டியே, மரத்துக்கு மரம், ஈரத்துக்கு ஈரம் சற்று மேலும் கீழுமாகக் கிடக்கிறது. அசலே ஒன்று முங்கும், இன்னொன்று மிதக்கும். மணியின் துளையில் ஒரு காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டால் முங்க வேண்டியதும் மிதக்கும். மாலையை அவிழ்க்காமல் அப்படியே நிறுத்து, தண்ணீரில் ஊசியால் அமுக்கி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 108 மணிகள் சேர்ந்து இருப்பதால் தராசின் 1 கிராம் பிழை அவ்வளவாகத் தொல்லை தராது. அளந்த பிறகு மாலையை நிழலில் உலர்த்துங்கள்; தண்ணீரில் கறுப்புச் சாயம் இறங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.